பேஸ் பெட்டி செய்த கோடை

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்தால் இலையில் ஊற்றிய ரசம் நடுங்குகிறது. நம் வயதுக்காரர்கள் எல்லாம் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுகிறோம். போன மாதம் அப்படி ஒரு கல்யாணத்தில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் பக்கத்து இலையில் இருந்தாள். "நம்ம காலத்துல இந்தக் கருமமெல்லாம் இருந்துச்சாடி?" என்று என் காதில் கத்தினாள். இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

இண்டூரிலிருந்து பிரிந்து உள்ளே போகிற மண்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் மாதா கோயில் தெரு. அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம், கேழ்வரகும் கடலையும் போடுவார். வரப்போரம் புளிய மரங்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. தங்கச்சிக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது என்பது அவளுக்கு நடக்க வந்த பிறகுதான் வீட்டில் உறைத்தது. அதுவரைக்கும் "அமைதியான புள்ளைங்க, அழவே அழாது" என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அந்த வருடம் அம்மா இரண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒன்று, பக்கத்து ஊர் மருந்தகத்தில் இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் வழியாக. அவர்கள் சபை நடத்துகிற காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. சிஸ்டர் அலைந்து அலைந்து தங்கச்சிக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார். "ஜூன் மாசம் கொண்டாந்து வுடுங்கம்மா. இந்த வயசுலதான் பேச்சு பழக்கணும், கைஜாடை பழக்கணும். தள்ளிப் போட்டீங்கன்னா புள்ளைக்கு எந்த பாஷையும் இல்லாம போயிரும்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைத்தாயிற்று. தகரப் பெட்டி வாங்கி மூடியில் பூ வரைந்தாயிற்று.

இன்னொரு விண்ணப்பம் மாதாவுக்கு. தவக்காலத்தில் அம்மா வெள்ளியில் ஒரு சோடிக் காது வாங்கி மாதா பாதத்தில் வைத்தாள். நம் பக்கத்தில் பழக்கம்தானே, கண் சரியில்லாதவர்கள் கண் வைப்பார்கள், கால் சரியில்லாதவர்கள் கால் வைப்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் காதுகளை நான் கோயில் வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு காது கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலையை விட்டுவிட்டு வருவார், மனசு சரியானதும் திரும்பிப் போவார். பேச்சுக்கு நடுவே இரண்டு கன்னட வார்த்தை, மூன்று இங்கிலீஷ் வார்த்தை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார். கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்கு அவர்மேல் உயிர். அந்த முறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது லுங்கியில் சுற்றிய ஒரு பொருளைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பிரித்தால் தோசைக்கல் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். கறுப்புக் காகிதக் கூம்பு, பின்னால் கனத்த காந்தம். தோள்பையில் ஒரு டேப் ரெக்கார்டரும் சத்தம் கூட்டுகிற ஆம்ப்ளிஃபயரும். அந்தக் காந்தத்தில் அம்மாவின் அரிவாள்மனை போய் ஒட்டிக்கொண்டதும் நாங்கள் கத்தின கத்தில் அப்பா மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன மாப்ள இது?"

"பேஸுங்க மாமா, பேஸு. நம்மூர் மைக் செட்டுக்காரன் குழாயைக் கட்டி வுட்டா கீச்சு கீச்சுனு கத்துதே, அதெல்லாம் பாட்டுங்களா? பெங்களூர்ல வந்து கேளுங்க. தும்முனு நெஞ்சுல வந்து வுழும். இந்த வருஷம் நம்ம மாதா தேர் பின்னாடி நம்ம பெட்டிதான் போவுது."

பேஸ் என்ற வார்த்தை எங்கள் தெருவுக்குள் அப்படித்தான் வந்தது.

முதலில் பானையில் வைத்துப் பார்த்தார். நம் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தானே செய்தார்கள், மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டிவிட்டால் சத்தம் கும்மென்று வரும். வரத்தான் வந்தது. ஆனால் பானையைத் தேர் பின்னால் எப்படித் தூக்கிக்கொண்டு போவது? தலைச் சும்மாட்டில் வைத்துப் பழகிப் பார்த்தவர் மாட்டுத் தொட்டியில் இடித்துப் பானையை உடைத்தார். ஸ்பீக்கர் வைக்கோலில் விழுந்ததால் பிழைத்தது. பிறகுதான் பெட்டி என்று முடிவாயிற்று. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குகிற மாதிரி, கரண்ட் இல்லாவிட்டாலும் லாரி பேட்டரியில் பாடுகிற மாதிரி ஒரு பெட்டி.

மாம்பழம் அனுப்புகிற கள்ளிப்பெட்டிப் பலகையில் ஒன்று செய்தார். பாட்டுப் போட்டதும் பலகைகளே தனியாகப் பாடின. "மெல்லிசா இருந்தா ஒதறும், கனமா வேணும்" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா புறக்கடைக் கதவுக்கென்று அறுத்து வைத்திருந்த வேப்பம் பலகைகள் கூரைக்கடியில் அட்டத்துப் பரணில் கிடந்தன. அப்பா கடத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்த நாளில் அவற்றை இறக்கி அளந்து அறுத்துவிட்டார். திரும்பி வந்த அப்பா அறுத்துப் போட்ட துண்டுகளைப் பார்த்தார். "மாதா தேருக்குங்க மாமா" என்றார் மாமா. அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்தப் புறக்கடைக்கு நான் வயதுக்கு வருகிற வரைக்கும் சாக்குப் படுதாதான் தொங்கியது.

பலகைகளை ஒட்ட மாமா கடைப் பசையை நம்பவில்லை. புளியங்கொட்டைப் பசை. நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? அம்மா வறுத்துக் கொடுக்க, நானும் தங்கச்சியும் கல்லில் தட்டித் தோலை நீக்கினோம். ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்துக் காய்ச்சினால் வழுவழுவென்று ஒரு கூழ் வரும். அதில் மரத்தூளைக் குழைத்து மூட்டு மூட்டாக அப்பினார் மாமா. ஒரு வாரம் அந்த வாடையில்தான் இட்லி சாப்பிட்டோம். "ஆட்டுக்கல்லு கெட்டுப் போச்சுடா" என்று அம்மா கத்தினாள். "மாதா மன்னிப்பாக்கா" என்றார் மாமா. அந்தக் கோடையில் எதைக் கேட்டாலும் அவருக்கு மாதாதான் பதில்.

உள்ளே சத்தம் முட்டிக்கொள்ளாமல் இருக்கப் பஞ்சு வைக்க வேண்டும் என்றார். எங்கள் தலையணைகள் ஒவ்வொன்றாக இளைத்தன. இலவம்பஞ்சு அறை முழுக்கப் பறந்து தங்கச்சியின் எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டது. அவள் தும்முவாள். அவள் தும்முகிற சத்தம்தான் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே முழுச் சத்தம், எங்களுக்கு அது பிடிக்கும். முன்பக்கம் ஸ்பீக்கருக்கு ஒரு பெரிய வட்டம், அதற்குக் கீழே காற்று வர ஒரு சின்ன வட்டம். சின்ன வட்டத்தில் பம்புசெட்டுக்கு வாங்கி மிஞ்சிய குழாய்த் துண்டைச் செருகினார். கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி நறுக்கிப் பாட்டுப் போட்டுப் பார்ப்பார். குழாய் வாயில் ஒரு கோழி இறகைப் பிடிக்கச் சொல்வார். இறகு படபடவென்று அடித்துக்கொண்டால் சரி, சும்மா ஆடினால் இன்னும் நறுக்க வேண்டும். அவராகக் கண்டுபிடித்த கணக்கு அது. கடைசியில் பழைய டிரங்குப் பெட்டியின் கைப்பிடிகளைக் கழற்றி இரண்டு பக்கமும் முடுக்கினார். கறுப்பு ரெக்சின் ஒட்டியதும் அது ஏதோ கடையில் வாங்கியது போல ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம். அதுவரை கட்டில்மேல் வைத்துச் சோதித்த பெட்டி அன்றைக்குக் கூடத்துச் சாணம் மெழுகிய தரையில் இருந்தது. தங்கச்சி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டையில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். மாமா டேப்பைப் போட்டார். முதலில் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். பிறகு மேளம் விழுந்தது. தும். என் பாதம் கூசியது. அட்டத்திலிருந்து தூசி கொட்டியது. தங்கச்சி கையிலிருந்த கொட்டைகளை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"டேய் தம்பி. நிறுத்து." மாமா நிறுத்தினார். தங்கச்சி மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பினாள். "இப்ப போடு." போட்டார். தங்கச்சி திரும்பினாள்.

"திரும்பறாடா! புள்ளைக்குக் கேக்குதுடா! மாதாவே!" அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். தங்கச்சி பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அதைப் பார்த்துத் தங்கச்சியும் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படி எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக் காது வைத்த கதை எல்லோருக்கும் தெரியும் அல்லவா. வந்தவர்களுக்கெல்லாம் மாமா பாட்டுப் போட்டுக் காட்டினார். தங்கச்சியை முதுகு காட்டி உட்கார வைப்பார்கள், மேளம் விழும், அவள் திரும்பி எழுந்து ஓடிவந்து இரண்டு கையையும் பெட்டியில் வைப்பாள். கூட்டம் "மரியே வாழ்க" என்று சொல்லும். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகிட்டே வரணுங்க. மொதல்ல தடிச்ச சத்தம் கேக்கும், அப்புறம் மெல்லிசுச் சத்தம் கேக்கும், அப்புறம் பேச்சே கேக்கும்" என்று வைத்தியம் படித்தவரைப் போலச் சொன்னார். காலையும் மாலையும் தங்கச்சிக்குப் பெட்டி என்று ஆயிற்று. களத்துக்குப் போனால் களத்துக்கு, கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு. தூக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்ததுதானே.

மே மாதம் திருவிழா. மாதா சொரூபம் வைத்த தேர் முன்னால் போனது. பின்னால் அப்பாவும் மாமாவும் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பேட்டரி மாட்டு வண்டியில் வந்தது. பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெள்ளை கவுனும் தலையில் பூ முடியுமாகத் தங்கச்சி நடந்தாள். பெண்கள் வந்து அவள் காதைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இந்துப் பெண்கள்கூட வந்தார்கள். அம்மா எங்களுக்குப் பின்னால் வெறுங்காலோடு வந்தாள். அம்மாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும், அதை மறைக்க எப்போதும் உதட்டை மூடியே சிரிப்பாள். அன்றைக்கு மறைக்கவில்லை.

பெரியவர்களுக்குத் தெரியாதது பிள்ளைகளான எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. நாங்கள் நாள் முழுக்க அவளோடு விளையாடுகிறவர்கள், அவ்வளவுதான். புளிய மரத்தில் கயிற்று ஊஞ்சல் கட்டியிருந்தோம். மாமா மரத்தடியில் பெட்டியை வைத்துப் பாட்டுப் போடுவார். தங்கச்சி ஊஞ்சலில் இருந்தால் பாட்டுக்குத் திரும்புவதே இல்லை. இறங்கிக் கால் தரையில் பட்ட உடனே திரும்புவாள். அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்த அன்று நான் சொன்னேன்.

"ஊஞ்சல்ல இருந்தா இவளுக்குக் கேக்க மாட்டேங்குதும்மா. தரையில நின்னாத்தான் கேக்குது."

அம்மா என் வாயிலேயே ஓர் அடி போட்டாள். உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது. "உனக்கு என்னடி பொறாமை? தங்கச்சிக்குக் காது வந்துச்சேன்னு வயிறு எரியுதா?" பிறகு நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் நான் சொன்னது நிஜம்.

ஜூன் மாதம் சிஸ்டர் வந்தார். பள்ளிக்கூடம் திறந்து சில நாள் ஆகியும் பிள்ளை வரவில்லை என்று, வெயிலில் மூன்று மைல் நடந்தே வந்திருந்தார். வியர்வையில் அவர் தலைத்துணி நெற்றியில் ஒட்டியிருந்தது. அம்மா மோர் கொடுத்தாள். தகரப் பெட்டியை மட்டும் அவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"புள்ளைக்குக் கேக்குதுங்க சிஸ்டர். மாதா கொடுத்துட்டாங்க."

சிஸ்டர் தங்கச்சிக்குப் பின்னால் போய்க் கை தட்டினார். தம்ளரைக் கரண்டியால் தட்டினார். அவள் திரும்பவில்லை. "அதெல்லாம் மெல்லிசுச் சத்தங்க. இதைப் பாருங்க" என்று மாமா பெட்டியைப் போட்டார். தங்கச்சி உடனே திரும்பி ஓடிவந்து கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சிஸ்டர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். "இப்ப போடுங்க தம்பி."

மாமா போட்டார். அறையே அதிர்ந்தது. சிஸ்டரின் இடுப்பில் இருந்த தங்கச்சி அவர் கழுத்துச் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அப்போது நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை திருகியில் இருந்தது, ஆனால் கண் தங்கச்சியின் தொங்குகிற காலில் இருந்தது. மாமாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இன்றைக்கு இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். குழாயை நறுக்கி நறுக்கிச் சோதித்தவர், இறகு ஆடுவதை வைத்துக் கணக்குப் போட்டவர், அவருக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் ஊரே அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா வாழ்க்கையில் முதல் தடவை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை நிறுத்திவிட்டு, வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

"தரை அதிர்றது காலுல தெரியுதும்மா. அதுக்குத்தான் திரும்பறா. காதுல ஒண்ணும் இல்ல" என்றார் சிஸ்டர் மெதுவாக.

"நீங்க சந்தேகப்பட்டுகிட்டே தூக்கி வெச்சிருந்தீங்கன்னா எப்பிடிங்க சிஸ்டர் கேக்கும்?" என்றாள் அம்மா. "மாதா கேட்டதைக் கொடுத்திருக்காங்க. கேக்க ஆரம்பிச்ச புள்ளையக் கொண்டு போயி செவிட்டுப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல வுட்டா, மாதா என்னங்க நினைப்பாங்க? நாம நம்பலைன்னுதானே? கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்க மாட்டாங்களா?"

கன்னியாஸ்திரியான அவரால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அப்பாவைப் பார்த்தார். அப்பா தூணில் சாய்ந்து நின்றார். "ஒரு வருஷம் பார்க்கறமுங்க சிஸ்டர்" என்றார் கடைசியில். சிஸ்டர் தங்கச்சியை இறக்கி விட்டுவிட்டு, மோரைக் குடிக்காமலே கிளம்பிப் போனார். தெருமுனை வரைக்கும் போய், நின்று, மறுபடி திரும்பி வந்து, "மாதாவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் சொல்லுவாங்கம்மா" என்றார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அம்மாமேல் இன்றைக்கும் கோபம் உண்டு. அவள் எப்படி ஆசைப்பட்டாள் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது, ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. அப்பாமேல்தான் அதிகக் கோபம். ஒரு வார்த்தை அவர் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கதவுப் பலகைக்கே வாய் திறக்காதவர் இதற்கு எங்கே திறக்கப் போகிறார்.

மாமா அந்த மாதமே பெங்களூர் போய்விட்டார். போகிற அன்று தங்கச்சியின் தலையைத் தடவினாராம், அம்மா கொடுத்த கட்டுச்சோற்றைத் திண்ணையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஊருக்கு வருவது குறைந்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. புளியங்கொட்டைப் பசை ஈரத்தில் இளகும் என்பது மாமாவின் கணக்கில் இல்லை. மூட்டுகள் வாயைப் பிளந்தன. எலிகள் உள்ளே புகுந்து பஞ்சில் குட்டி போட்டன. மாமா விட்டுவிட்டுப் போன டேப்பை ஒரு நாள் அப்பா போட்டபோது பெட்டியிலிருந்து வெறும் தகரச் சத்தம் வந்தது. தங்கச்சி திரும்பவில்லை. அம்மா அன்று முழுக்க முட்டி போட்டுச் செபம் செய்தாள். ஏதோ பாவம் செய்துவிட்டோம், அதனால் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. மாதா கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போவது?

ஒரு வருடம் என்றார் அப்பா. ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் தங்கச்சி மாடு மேய்த்தாள், புளி அடித்தாள், எங்கள் வாயசைவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். கோபம் வந்தால் தரையில் தலையை மோதிக்கொள்வாள். என்ன வேண்டும் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை, கேட்க எங்களிடமும் எதுவும் இல்லை. ஒரு தடவை இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பல்வலி என்று மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. பழைய சிஸ்டர் மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்ட பிறகுதான் அப்பா அவளைக் கொண்டு போய்ச் சேர்த்தார். நீலப் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சின்ன பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அவளை விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அவள் படித்தாள். கொஞ்சம்தான் படிக்க முடிந்தது. எழுத்து இன்றைக்கும் அவளுக்குச் சண்டைதான், கைஜாடையிலும் அவளோடு படித்தவர்கள் வேகம் அவளுக்கு வராது என்கிறார்கள். தையல் கற்றுக்கொண்டாள். அவளைப் போலவே ஒருவரைக் கட்டிக்கொண்டு தர்மபுரியில் கடை வைத்திருக்கிறாள். ஒரே மகள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், அம்மாவின் கைஜாடை அத்தனையும் தெரியும். எங்கள் குடும்பத்தில் தங்கச்சியோடு முழுசாகப் பேசத் தெரிந்த முதல் ஆள் அந்தப் பெண்தான்.

போன வருடம் அம்மா இறந்தாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நான், தங்கச்சி, அவள் மகள் என்று மூன்று பேரும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் அந்தப் பெட்டியில் வந்து நின்றது. மாமாவின் காலரையும் உடைந்த பானையையும் நான் நடித்துக் காட்ட, தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் அந்தக் கோடையைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. அவளுக்கு அப்போது என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எல்லோரும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம்.

"அந்தப் பெட்டி உனக்கு அவ்வளவு புடிக்குமான்னு கேளு பாப்பா" என்றேன் தங்கச்சி மகளிடம்.

மகள் கேட்டாள். தங்கச்சி தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை என்று. வயிற்றில் கையை வைத்துப் பிசைந்து காட்டினாள், வாயைப் பொத்திக் காட்டினாள். பிறகு கைகள் நிறைய நேரம் பேசின.

"புடிக்கவே புடிக்காதாம் பெரியம்மா. அது அதிரும்போது வயித்தைப் பொரட்டுமாம், பல்லெல்லாம் கூசுமாம். எங்கியாச்சும் ஓடிப் போயிடலாம்னு இருக்குமாம்."

"அப்புறம் ஏன்டி ஓடி ஓடி வந்து கையை வெச்சே?" மகள் மூலமாகக் கேட்க வேண்டும் என்பதையே மறந்து நேராக அவளிடம் கேட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு உள்ளங்கையைக் காற்றில் பதித்துக் காட்டினாள். பிறகு இரண்டு விரல்களால் தன் வாயின் ஓரங்களை இழுத்து, மேல் வரிசைப் பற்கள் தெரியக் காட்டி, முன்பல் ஒன்றைத் தொட்டாள்.

மகளுக்கு அது விளங்கவில்லை. "என்னம்மா சொல்றே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கை வைத்தபோதெல்லாம் அம்மா சிரித்தாள். நான் எழுந்து போய்ப் பின்கட்டில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.